50 ஆண்டு சர்க்கரைக்குப் பிறகும் கெடாத கிட்னி: என்சைம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் பாடம் நடத்துவது என் வேலை. அப்பாவுக்குச் சர்க்கரையால் கிட்னி கெட்டது. கடைசி மூன்று ஆண்டுகள் வாரத்துக்கு இரண்டு நாள் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவேன். அந்தக் காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டது, வகுப்பில் பிள்ளைகள் கேட்டது, சொந்தக்காரர்கள் போனில் கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உங்கள் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும். மருந்தை முடிவு செய்ய வேண்டியது அவர்தான்.

சர்க்கரை நோய் வந்தால் கிட்னி கெட்டே தீருமா?

இல்லை. இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் இதை விதி மாதிரி எண்ணிக்கொண்டு சோர்ந்து போகிறார்கள்.

இன்றைய மருந்துகள் வருவதற்கு முன்பே, டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுபோகும் வகை) சர்க்கரை நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் கிட்னி நோய் முற்றியது. அதுவும் பெரும்பாலும் நோய் வந்து 15, 20 ஆண்டுகள் ஆன சமயத்தில். அந்தக் கட்டத்தைச் சேதமில்லாமல் தாண்டியவர்களுக்குப் பிறகு வருவது குறைந்துகொண்டே போனது. சர்க்கரை மட்டுமே காரணம் என்றால் ஆண்டு கூடக் கூட ஆபத்தும் கூடிக்கொண்டே அல்லவா போக வேண்டும்? அப்படி நடக்கவில்லை. ஆக, சிலருடைய உடம்பில் ஏதோ ஒன்று காவல் நிற்கிறது என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கு நெடுநாளாகவே உண்டு.

அந்த ‘ஏதோ ஒன்றை’ யார் தேடினார்கள்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோஸ்லின் நீரிழிவு மையம் என்று ஒன்று இருக்கிறது. 1898-ல் எலியட் ஜோஸ்லின் என்ற மருத்துவர் தொடங்கிய கிளினிக்கிலிருந்து வளர்ந்தது. இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்தே சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தவர் அவர். இந்த மையம் 1970-லிருந்து, இன்சுலின் போட்டுக்கொண்டு 50 ஆண்டுகள் வாழ்ந்து காட்டியவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்து வருகிறது.

பதக்கம் வாங்கியவர்களின் இளமைக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் கிடையாது. காலையில் எழுந்ததும் டெஸ்ட் டியூபில் நீல நிற பெனடிக்ட் கரைசலை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, அடுப்பில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் சர்க்கரை எக்கச்சக்கம். ஊசியும் கண்ணாடி சிரிஞ்சும் அதே அடுப்பில் கொதிக்கும். கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை வழக்கத்துக்கு வந்ததே 1970-களின் கடைசியில், 80-களில்தான். அந்த நிலைமையில் 50 ஆண்டுகளை ஓட்டியவர்கள் இவர்கள்.

ஜார்ஜ் கிங் என்ற ஆய்வாளரின் குழு, இப்படிப் பதக்கம் வாங்கிய 1,000-க்கும் மேற்பட்டவர்களை அழைத்து, கண், கிட்னி, நரம்பு, இதயம் என்று முழுவதுமாகச் சோதித்தது. கிட்னி பெரிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் அவர்களில் சிறு பகுதிதான்.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அதன் கேள்வி. ‘ஏன் கெடுகிறது’ என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ‘இவர்களுக்கு ஏன் கெடவில்லை’ என்று தேடினார்கள்.

அவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள், அவ்வளவுதானே?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆய்வுக்கு வந்த சமயத்தில் எடுத்த எச்பிஏ1சி அளவில், கிட்னி கெட்டவர்களுக்கும் கெடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் சர்க்கரையைக் குறைத்து என்ன ஆகப் போகிறது’ என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டு காரணம் சொல்கிறேன். ஒன்று, இவர்களுடைய முதல் 20, 25 ஆண்டுச் சர்க்கரை எப்படி இருந்தது என்பதற்கு எச்பிஏ1சி கணக்கே கிடையாது. கிட்னிக்கு ஆபத்தான காலம் அதுதான். இரண்டாவது, 1993-ல் வெளிவந்த டிசிசிடி ஆய்வு. டைப் 1 உள்ள 1,441 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினார்கள். அந்தக் குழுவில் சிறுநீரில் புரதம் லேசாகக் கசியத் தொடங்குவது 39 சதவீதமும், அதிகமாகக் கசிவது 54 சதவீதமும் குறைந்தது. பதக்கக்காரர்கள் சலித்து எடுத்த சிறு கூட்டம். நாம் அந்தக் கூட்டத்தில் இருக்கிறோமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இன்று வழியில்லை. சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லோருக்கும் பயன் தரும்.

சர்க்கரை கிட்னியில் எந்த இடத்தைத் தாக்குகிறது?

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூல் பந்து மாதிரி சுருண்ட ரத்தக் குழாய் முடிச்சு. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் கிட்னிகளுக்குள் பாய்கிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வரை வடிகட்டி, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டு, மற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

அந்த முடிச்சின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் செல்லுக்குப் போடோசைட் என்று பெயர். முதல் முறை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் அதைப் பார்த்தபோது பலா மரத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் கைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒரு செல்லின் விரல்களும் பக்கத்துச் செல்லின் விரல்களும் கோத்துக்கொண்டு, இடையில் மெல்லிய இடுக்கு மட்டும் விட்டிருக்கும். தண்ணீரும் உப்பும் அந்த இடுக்கு வழியாகப் போய்விடும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் போக முடியாது.

போடோசைட் செத்தால், தோல் செல் மாதிரி எளிதில் புதிதாக முளைப்பதில்லை. விரல்கள் தளர்ந்தால் ஆல்புமின் கசியும். செல்கள் உதிர்ந்தால் அந்த முடிச்சு மெல்லத் தழும்பாகும். இதனால்தான் சர்க்கரைக் கிட்னி நோயின் முதல் தடயம் ரத்தத்தில் தெரிவதற்கு முன் சிறுநீரில் தெரிகிறது.

சரி, இதில் என்சைம் எங்கே வருகிறது?

என்சைம் என்பது ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். பாடப்புத்தகத்தில் நொதி என்று இருக்கும். செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸை ஒவ்வொரு படியாக உடைத்து பைருவேட் என்ற பொருளாக மாற்ற 10 படிகள் உண்டு, படிக்கு ஒரு என்சைம். இந்தப் பாதைக்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். அதன் பிறகு பைருவேட், செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுவதும் எரிந்து சக்தியாகிறது.

இதை மழைநீர் வாய்க்காலாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அளவோடு வந்தால் வாய்க்காலிலேயே ஓடிக் குளத்தில் சேர்ந்துவிடும். வெள்ளமாக வந்து, கடைசி மதகும் பாதி மூடிக் கிடந்தால்? கரை உடைத்துக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் பாயும். செல்லுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. தேங்கி நிற்கும் குளுக்கோஸும் அதன் இடைப்பொருள்களும் பக்கக் கிளைகளில் திரும்புகின்றன.

ஒரு கிளையில் சார்பிட்டால் உண்டாகிறது. இன்னொன்றில் மெத்தில்கிளையாக்சால். இது மோசமானது, புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்கிவிடும். மூன்றாவது கிளையில் டையசில்கிளிசரால் என்ற கொழுப்பு சேர்ந்து, புரோட்டீன் கைனேஸ் சி என்ற என்சைமைத் தட்டி எழுப்பி, ரத்தக் குழாய்ச் சுவர்களைக் கெடுக்கிறது.

தசைச் செல்லுக்கு இன்சுலின் வந்து கதவைத் திறந்தால்தான் குளுக்கோஸ் தாராளமாக நுழையும். கிட்னி வடிகட்டியின் செல்கள் பலவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரத்தத்தில் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு உள்ளேயும் கூடும். கண்ணின் விழித்திரையும் கிட்னியும் முதலில் அடிவாங்குவதற்கு இது முக்கியக் காரணம்.

பதக்கக்காரர்களின் கிட்னியில் என்ன கண்டார்கள்?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பதக்கம் வாங்கியவர்களில் சிலர், தாங்கள் இறந்த பிறகு உறுப்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கிடைத்த கிட்னிகளிலிருந்து வடிகட்டி முடிச்சுகளை மட்டும் தனியே பிரித்து, அவற்றிலுள்ள புரதங்களை எல்லாம் அளந்தார்கள். 50 ஆண்டுச் சர்க்கரையில் கிட்னி கெட்டவர்கள் ஒரு பக்கம், அதே 50 ஆண்டில் கெடாதவர்கள் இன்னொரு பக்கம்.

குளுக்கோஸை உடைக்கும் பாதையின் என்சைம்கள் கெடாதவர்களிடம் அதிகமாக இருந்தன. சார்பிட்டால், மெத்தில்கிளையாக்சால் பாதைகளைக் கையாளும் என்சைம்களும், மைட்டோகாண்ட்ரியாவின் என்சைம்களும்கூட அதிகம். அதாவது இவர்களுடைய செல்களுக்குள்ளும் வெள்ளம் வந்திருக்கிறது; வந்ததை இழுத்து வெளியேற்றும் வாய்க்காலும் அகலமாக இருந்திருக்கிறது.

அவற்றில் தனித்துத் தெரிந்தது பைருவேட் கைனேஸ் எம்2. சுருக்கமாக பிகேஎம்2. மேலே சொன்ன பத்தாவது படியின் என்சைம், அதாவது கடைசி மதகு. இது 2017-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தது.

பிகேஎம்2 அப்படி என்ன செய்கிறது?

பைருவேட் கைனேஸில் நான்கு வகை உண்டு. கல்லீரலுக்கு ஒன்று, ரத்தச் சிவப்பணுவுக்கு ஒன்று, தசைக்கும் மூளைக்கும் எம்1, நான்காவது இந்த எம்2. கிட்னி, நுரையீரல், கரு, புற்றுநோய்ச் செல் ஆகியவற்றில் எம்2 இருக்கும்.

இதன் விசேஷம், இது தனி ஆளாக வேலை செய்வதில்லை. நான்கு துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் முழு வேகம். நான்கு பேர் தோள் கொடுத்தால் நகரும் சப்பரம் மாதிரி. இரண்டாகவோ ஒன்றாகவோ பிரிந்துவிட்டால் வேகம் சரிந்துவிடும். சர்க்கரை அதிகமான செல்லில், ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தால் இந்த என்சைமின் மேல் ஒரு வேதி மாற்றம் ஏற்பட்டு, நால்வர் அணி கலைந்துபோகிறது. மதகு மூடுகிறது, நச்சு இடைப்பொருள்கள் தேங்குகின்றன, மைட்டோகாண்ட்ரியா தளர்கிறது, கடைசியில் போடோசைட் சாகிறது.

பிகேஎம்2-தான் காப்பாற்றியது என்று எப்படிச் சொல்ல முடியும்? கூடவே இருந்த ஒன்றாக இருக்கலாமே?

நல்ல கேள்வி. வகுப்பில் இதைக் கேட்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும்.

இறந்தவரின் கிட்னியில் ஒரு பொருள் அதிகமாக இருப்பதை மட்டும் வைத்து அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதனால் எலிகளுக்குப் போனார்கள். போடோசைட்டில் மட்டும் பிகேஎம்2 இல்லாத எலிகளை உருவாக்கிச் சர்க்கரை வரவழைத்தபோது, அவற்றின் சிறுநீரில் ஆல்புமின் கசிவு மோசமாயிற்று, வடிகட்டிகளும் அதிகம் சிதைந்தன. பிறகு நேர் எதிராகச் செய்து பார்த்தார்கள். கலைந்துபோன நால்வர் அணியை மறுபடி சேர்த்து வைக்கும் டெப்-46 என்ற சிறு மூலக்கூறைச் சர்க்கரை எலிகளுக்குக் கொடுத்தபோது நச்சுப் பொருள்கள் குறைந்தன, மைட்டோகாண்ட்ரியா தேறியது, கிட்னியின் சேதமும் பின்வாங்கியது. 2022-ல் அதே குழு, போடோசைட்டில் பிகேஎம்2 கூடுதலாக இருக்கும்படி எலிகளை உருவாக்கி, அவற்றின் கிட்னி சர்க்கரையைத் தாங்கி நிற்பதையும் காட்டியது.

எடுத்தால் கெடுகிறது, கூட்டினால் காக்கிறது. எலியைப் பொறுத்தவரை காரண காரியம் வலுவாகவே நிற்கிறது.

இந்த ஆய்வு டைப் 1 பற்றியதுதானே? நம் ஊரில் பெரும்பாலும் டைப் 2.

ஆமாம், இந்தியாவில் 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை. பெரும்பாலானோருக்கு டைப் 2. அதே பாஸ்டன் குழு 2019-ல் டைப் 2 உள்ளவர்களின் கிட்னியையும் பார்த்தது, அங்கும் இதே போக்குத் தெரிந்தது. ஆனால் டைப் 2-வில் ரத்த அழுத்தம், உடல் பருமன், கொழுப்பு, வயது எல்லாம் சேர்ந்து கிட்னியை அழுத்துகின்றன. ஒரு என்சைமால் அத்தனைக்கும் பதில் சொல்லிவிட முடியாது.

பிகேஎம்2-வைக் கூட்டும் மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்குமா?

சர்க்கரைக் கிட்னி நோய்க்கு என்று கிடையாது. இதன் உறவுக்கார மருந்து ஒன்று இருக்கிறது: மிட்டாபிவாட். சிவப்பணுவில் உள்ள பைருவேட் கைனேஸ் பிறவியிலேயே குறைவாக இருந்து, அதனால் ரத்தசோகை வருபவர்களுக்காக 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, இந்த என்சைமை மாத்திரையால் தட்டி எழுப்புவது மனிதரில் முடியாத காரியம் இல்லை.

கவனமாக நடக்க வேண்டிய இடமும் இருக்கிறது. எம்2 வகை புற்றுநோய்ச் செல்களிலும் இருக்கிறது என்றேன் அல்லவா? அங்கே நால்வர் அணி கலைந்த நிலைதான் கட்டிக்கு உதவுகிறது, ஆகவே சேர்த்து வைப்பது நல்லதுக்குத்தான் என்று வாதிட இடமுண்டு. ஆனால் கிட்னிக்காக ஒருவர் இந்த மருந்தை 20, 30 ஆண்டுகள் சாப்பிட வேண்டியிருக்கும். அவ்வளவு நீண்ட கால விஷயத்தில் வாதம் போதாது, மனிதரில் சோதனை வேண்டும்.

ரத்தத்தில் பிகேஎம்2 அளவைப் பார்க்க லேபில் கொடுக்கலாமா?

வேண்டாம். ஆய்வுக்கூட அளவீடு அது. யாராவது பேக்கேஜில் சேர்த்து விற்றாலும் காசை அதில் போடாதீர்கள்.

உணவில் என்சைம் சேர்த்துக்கொண்டால்? வைட்டமின் மாத்திரை?

என்சைம் ஒரு புரதம். வாய்வழியாகப் போனால் பருப்பும் முட்டையும் செரிப்பது போலவே செரித்துவிடும், கிட்னி செல்லுக்குள் போய்ச் சேராது. ‘என்சைம் பானம்’ என்று விற்பதற்கும் நாம் இங்கே பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை.

வைட்டமின் பி1 பற்றிய கேள்விக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. டிரான்ஸ்கீட்டோலேஸ் என்ற என்சைம் பி1 இல்லாமல் ஓடாது. அதுவும் தேங்கிய சர்க்கரையை வேறு நல்ல பாதைக்குத் திருப்பிவிடும் ஒரு மதகுதான். பென்ஃபோடையமின் என்ற பி1 வகையைக் கொடுத்தால் சர்க்கரை எலிகளின் விழித்திரை காப்பாற்றப்படுகிறது என்று 2003-ல் ஆய்வு வந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு டைப் 2 கிட்னி நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆல்புமின் கசிவு குறையவில்லை. சார்பிட்டால் பாதையை அடைக்கும் மருந்துகளின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். எலியில் அழகாக வேலை செய்தவை மனிதரின் கிட்னியில் எதிர்பார்த்ததைத் தரவில்லை. பிகேஎம்2 விஷயத்தில் நான் அடக்கி வாசிப்பதற்கு இந்தப் பழைய அனுபவம்தான் காரணம்.

அப்புறம், மூலிகைப் பொடி. எல்லாப் பொடியும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உலோகம் கலந்த பற்பங்களும், என்ன கலந்திருக்கிறது என்று லேபிள்கூட இல்லாத பொட்டலங்களும் ஏற்கெனவே தளர்ந்த கிட்னிக்குக் கூடவே கூடாது. மூட்டு வலிக்குக் கடையில் நாமாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அப்படியே.

என் கிட்னி எப்படி இருக்கிறது என்று இன்று எப்படித் தெரிந்துகொள்வது?

அப்பாவின் ஃபைலை இன்னும் வைத்திருக்கிறேன். 14 ஆண்டு ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியாட்டினின். கிரியாட்டினின் எதிரே ‘நார்மல்’ என்று பேனாவில் ஒரு சுழி. நாங்களும் நிம்மதியாக இருந்தோம். சிறுநீரில் ஆல்புமின் பார்த்த தாள் அந்த ஃபைலில் ஒன்றுகூட இல்லை. அவர் காலில் வீக்கம் வந்த பிறகு, வேறொரு மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் முதல் முறை பார்த்தோம். 30-க்குள் இருக்க வேண்டிய எண் ரிப்போர்ட்டில் 1,900.

கிரியாட்டினினைக் குறை சொல்லவில்லை. அது உயர்ந்து கண்ணுக்குப் படும்போது வடிகட்டும் திறனில் பாதி அளவுக்குக் கூடப் போயிருக்கும். அவ்வளவு தாமதமான சாட்சி அது.

கேட்க வேண்டிய பரிசோதனை ‘யூரின் ஏசிஆர்’, அதாவது சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். சில லேபில் ‘யூரின் மைக்ரோ ஆல்புமின்’ என்று சொன்னால்தான் புரியும். காலைச் சிறுநீர் ஒரு சின்ன டப்பா போதும், 24 மணி நேரம் கேனில் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே ஆல்புமின் இருந்தால் சரி. 30-லிருந்து 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது, பிடித்து நிறுத்த நல்ல வாய்ப்புள்ள நேரம். 300-க்கு மேல் என்றால் தாமதிக்கவே கூடாது.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் ஆகியவற்றால் எண் கூடிக் காட்டும். அதனால் ஒரு முறை கூடியதும் பயந்துவிடாமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் உறுதி. டைப் 2 என்றால் நோய் தெரிந்த அன்றே ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். டைப் 1 என்றால் ஐந்தாம் ஆண்டிலிருந்து. இதோடு, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தால் அது கிட்னி நோய்.

சிறுநீரில் நுரை வந்தால்?

வேகமாகப் போகும்போது வரும் நுரை சற்று நேரத்தில் அடங்கிவிடும். சோப்பு நுரை மாதிரி படிந்து நின்று, தண்ணீர் ஊற்றியும் போகாவிட்டால் புரதமாக இருக்கலாம். உடனே ஏசிஆர் பாருங்கள். நுரை வராததை வைத்து நிம்மதி அடையக் கூடாது, ஏனென்றால் ஆரம்பக் கசிவில் நுரை தெரியாது.

இன்று கையில் இருக்கும் மருந்துகளில் எது கிட்னியைக் காக்கிறது?

முதல் வரிசை, ரத்த அழுத்த மருந்துகளில் ‘பிரில்’ என்றோ ‘சார்ட்டன்’ என்றோ முடியும் பெயருள்ளவை. டைப் 1-ல் கேப்டோபிரில் கிட்னியைக் காப்பதை 1993-லும், டைப் 2-வில் லொசார்ட்டனும் இர்பெசார்ட்டனும் காப்பதை 2001-லும் பெரிய ஆய்வுகள் காட்டின. வடிகட்டி முடிச்சுக்குள் ஏறியிருக்கும் அழுத்தத்தை இவை இறக்குகின்றன.

இரண்டாவது, ‘ஃப்ளோசின்’ என்று முடிபவை. இவற்றின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதைச் சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை போகும் என்பது பிறகு தெரிந்தது. வடிகட்டியில் தினமும் 180 கிராம் அளவுக்குச் சர்க்கரை இறங்குகிறது. அதில் பெரும்பகுதியைத் திரும்ப இழுக்கும் எஸ்ஜிஎல்டி2 என்ற வாயிலை அடைத்துவிட்டால் அது வெளியே போய்விடும். அந்த வழியில் வந்தவைதான் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின். கானாக்ளிஃப்ளோசின் ஆய்வில் கிட்னி செயலிழப்பு உள்ளிட்ட முக்கிய விளைவுகள் 30 சதவீதம் குறைந்தன. 2019-ல் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தி முடிவை அறிவித்தார்கள். 2020-ல் டாபாக்ளிஃப்ளோசின் ஆய்வில் 39 சதவீதம் குறைந்தது, அதுவும் சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளையும் சேர்த்து. பிகேஎம்2 வெள்ளம் வடிய வழி செய்கிறது என்றால், இவை கிட்னியின் குழாய்ச் செல்கள் மேல் விழும் சர்க்கரைச் சுமையையும் வடிகட்டியின் அழுத்தத்தையும் சேர்த்தே குறைக்கின்றன.

இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமையும், 2025-ல் எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமையும் முடிந்துவிட்டதால், பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கின்றன. ‘விலை கட்டுப்படியாகாது’ என்று முன்பு விட்டுவிட்டவர்கள் இப்போது மறுபடி கேட்டுப் பாருங்கள்.

இவற்றைச் சாப்பிடுபவர்கள் அந்தரங்க இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி பேதி, கடும் காய்ச்சல், நாள் முழுக்க விரதம், ஆபரேஷன் சமயங்களில் மருத்துவரைக் கேட்டு நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு, சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலேகூட. டைப் 1 உள்ளவர்கள் தாமாக இதைத் தொடவே கூடாது.

இவை தவிர ஃபினெரினோன் என்ற மாத்திரை இருக்கிறது. வாரம் ஒரு முறை ஊசியாகப் போடும் செமாக்ளூடைடும் 2024-ல் வந்த ஆய்வில் டைப் 2 நோயாளிகளின் பெரிய கிட்னி பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது.

அம்மாவுக்குக் கிட்னி போயிற்று. எனக்கும் போகுமா?

குடும்பத்தில் இருந்தால் ஆபத்து கூடும் என்பது உண்மை. அதற்காகப் பயந்துகொண்டே இருப்பதைவிட, ஏசிஆரை ஒருபோதும் தவறவிடாத ஆளாக இருங்கள். ரத்த அழுத்தத்தையும் வீட்டிலேயே பாருங்கள். புகை பிடிப்பவர் என்றால் நிறுத்துங்கள்.

கெட ஆரம்பித்த கிட்னி திரும்புமா?

டயாலிசிஸ் வரை போன கிட்னி திரும்பாது. அதற்கு வெகுமுன்பான கட்டத்தில்?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில், டைப் 1 உள்ள எட்டுப் பேருக்குக் கணையம் மாற்றி வைத்தார்கள். அவர்களுடைய சொந்தக் கிட்னியில் சர்க்கரையின் சேதம் ஏற்கெனவே இருந்தது. புதுக் கணையம் வந்ததும் இன்சுலின் தானாகச் சுரந்து, சர்க்கரை இயல்பாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டில் ஊசி வழியாகக் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. தடித்த சவ்வுகள் தடித்தபடியே இருந்தன. அத்தோடு விட்டிருந்தால் ‘திரும்பாது’ என்று எழுதி முடித்திருப்பார்கள். விடாமல் பத்தாம் ஆண்டில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, தடித்த சவ்வு மெலிந்து, அடைந்து கிடந்த முடிச்சுகள் திறந்திருந்தன. 1998-ல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒரே ஆளின் கிட்னிப் படங்கள் மூன்று, ஐந்தைந்து ஆண்டு இடைவெளியில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மாணவர்களுக்கு அந்தப் படங்களைத் திரையில் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நிற்பேன்.